சேர்க்கை

ஜூன் மாதம், இரவு இரண்டு மணி.
லெர்விக் துறைமுகத்தின் மேல் வானம் இன்னும் அணையவில்லை.
ஊதா மூடிக் குழாய் ஒன்று வந்தது.
தோரா ஹால்க்ரோ, ஐம்பத்தெட்டு,
யெல் தீவுப் படகில் கயிறு வீசுகிறவள்.
தட்டணுக்கள்: நான்கு, என்றது இயந்திரம்.
இருநூறாவது இருக்கவேண்டிய இடம்.

இயந்திரத்தை நான் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை.
குழாய்க்குள் இருக்கும் மருந்து பட்டு
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
கணக்குக்கு ஒளிந்திருக்கலாம்.
நீல மூடியில் இன்னொன்று கேட்டேன்.
அதிலும் நான்கு.
சொட்டைக் கண்ணாடியில் இழுத்துச் சாயம் போட்டேன்.
சிவப்பணு, சிவப்பணு, மறுபடி சிவப்பணு.
வெள்ளையணுக்களில் நான் பயந்த முகம் இல்லை.
வெகுநேரம் நகர்த்தியபின்
ஒரே ஒரு தட்டணு,
பெரிதாக, இளசாக,
சந்தை கலைந்தபின் வந்து சேர்ந்ததுபோல்.

வார்டிலிருந்து ரோனா பேசினாள்:
கணுக்கால் முழுக்கப் புள்ளி, அழுத்தினாலும் மறையவில்லை,
கன்னத்தின் உட்புறம் கருந்திராட்சையாய் ரத்தக் கொப்புளம்.
மருந்து ஏதாவது?
ஒன்றுமில்லையாம்.
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், திரும்பக் கேள்.

விடிய (விடிவதற்கு அங்கே என்ன இருக்கிறது)
பதில் வந்தது.
ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறதென்று
செத்துப்போன கணவனின் டப்பாவில் மிஞ்சிய
கொய்னா, அரை மாத்திரை.
"அதெல்லாம் மருந்தா?" என்றாளாம்.

அவள் உடம்பின் காவலுக்குத்
தட்டணுவோடு வழக்கில்லை.
கொய்னா தனியே போனாலும் விட்டுவிடும்.
இரண்டும் தோளில் கைபோட்டு வந்தால்தான்
பாயும்.
சேர்க்கை சரியில்லை என்பார்களே,
அதே குற்றம், அதே தண்டனை.

மாத்திரையை நிறுத்தினார்கள்.
மூன்றாம் நாள் முப்பத்தொன்று.
ஆறாம் நாள் நூற்று நாற்பது.
கோப்பை மூடினேன்.

ஆகஸ்டில் மறுபடி அதே பெயர். இரண்டு.
சத்தியமாகத் தொடவில்லை என்று அழுதாளாம்.
டப்பாவைக் கடலில் வீசியதைக்கூடச் சொன்னாளாம்.
ரோனாதான் விடாமல் தோண்டினாள்.
அண்ணன் மகளின் கல்யாணம்,
குடிக்கக் கூடாதென்று விஸ்கியைத் தள்ளிவிட்டு
அவள் எடுத்தது
கசப்பு எலுமிச்சைச் சோடா, இரண்டு கிளாஸ்.
சீசாவின் முதுகில், எறும்பெழுத்தில்: கொய்னா.
எனக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

அக்டோபரில் யெல்லுக்குப் போனேன்.
மஞ்சள் சட்டையில் பெயர்ப்பட்டை. அவள்தான்.
எனக்கு அவளைத் தெரியும்,
அவளுக்கு என்னைத் தெரியக் காரணமில்லை.
ஈரக் கயிறு உருவிப் போனதில்
உள்ளங்கை கீறிச் சிவந்தது.
பார்த்துவிட்டு, கால்சட்டையில் துடைத்தாள்.
நான் கார் கண்ணாடிக்குள்ளிருந்து
எண்ணத் தொடங்கியிருந்தேன்.
அவளோ அதற்குள்
பின்னால் நின்ற லாரியைப் பார்த்து
முன்னே வா, முன்னே வா என்று
அந்தக் கையையே ஆட்டிக்கொண்டிருந்தாள்.