சஸ்டெய்ன் பெடல்

கமிட்டி ஒரு தாள் தந்திருக்கிறது.
‘ஆராதனைக் குழுவில் இருப்பவர்
உலகப் பாட்டு வாசிப்பதில்லை’ என்று ஒரே வரி,
கீழே புள்ளிக்கோடு, திகதி.
மூன்று வாரமாக அது என் கீபோர்ட் பைக்குள்
வயர்களோடு கசங்குகிறது.

வெள்ளி, சனி இரவுகளில்
காலிமுகத்திடலுக்கு எதிரே ஒரு ஹோட்டல் லொபி.
ஏழரை முதல் பதினொன்று.
யாரும் கேட்காதபடி வாசிப்பதுதான் அங்கே வேலை.
கரண்டிச் சத்தத்துக்கு மேலே போகக்கூடாது,
லிஃப்ட் திறக்கும் மணிக்குக் கீழே இறங்கவும் கூடாது.
காதல் பாட்டுகள், பழைய சிங்களப் பாட்டுகள்,
கடைசி அரைமணி பைலா.
ட்ரம்ஸ் சுஜீவ. போயாவுக்குப் போயா சில் எடுப்பவன்.
தொடங்குமுன் நான் கண்ணை மூடினால்
குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பான்.

ஒரு பாட்டை மட்டும் வாசிப்பதில்லை.
அடிவாங்கிய பெண்ணைப் பார்த்து
ஊரே சிரிக்கிற பாட்டு.
அது வந்தால் கையை மடியில் வைத்துக்கொள்வேன்.
மெனேஜர் இரண்டு தரம் சம்பளத்தில் பிடித்தார்.
இதைக் கமிட்டியில் சொல்லலாம்தான்.
சொன்னால் சாட்சியாகிவிடும்,
சாட்சிக்குக் கைதட்டுவார்கள்.

நான் சொல்ல வேண்டியது வேறு.

ஞாயிறு காலை, வெள்ளவத்தை.
ரயில் போகும்போது பிரசங்கம் நிற்கும்,
கடலுப்பு மைக்கைத் தின்னும்.
பாஸ்டர் குரலைத் தாழ்த்தும் இடம் எனக்குத் தெரியும்.
அங்கே மைனருக்கு இறங்கி,
பெடலை மிதித்து,
ஒரு சுரத்தைக் கரையவிடாமல் பிடித்தால்
மூன்றாம் வரிசையில் திருமதி ஞானமுத்து லேஞ்சியை எடுப்பார்.
இன்னும் நாலு தாளம், பின்வரிசையும் எடுக்கும்.
பிறகு காணிக்கைப் பை.

அழவைப்பது பெரிய வித்தையல்ல.
லொபியில் கற்றதுதான்,
கலியாண நாளுக்குச் சாப்பிட வந்த தம்பதிகளிடம்.
அங்கே அதற்கு விலை பேசி வாங்கினேன்.
இங்கே ஆவியானவர் என்றார்கள்.
நானும் தலையைக் குனிந்து
இருந்துவிட்டேன்.

போன மாதம் அவர் காப்பைக் கழற்றிப் பையில் போட்டார்.
‘மகள், உன் வாசிப்பிலதான் ஆண்டவர் பேசினவர்’
என்று என் கையைப் பிடித்தார்.
திங்கட்கிழமை, ஒழுங்கை முனைக் கடையில்
அரை இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டிருந்தார்.
வெறும் மணிக்கட்டு.
காப்பு இருந்த இடம் மட்டும் வெளிறி.
நான் மற்றப் பக்கத்தால் நடந்தேன்.

பெடலும் ஹோட்டல் காசில் வாங்கியதுதான்.
அதைக் கமிட்டி கேட்கவில்லை.

இந்த ஞாயிறு, குரல் தாழ்ந்தபோது
காலை எடுத்துவிட்டேன்.
சுரம் தன்பாட்டில் முடிந்தது.
ஒரு குழந்தை இருமியது, விசிறி கிறீச்சிட்டது.
பையில் விழுந்த சில்லறையை எண்ணலாம் போல இருந்தது.
பாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.
வயர் கழன்றதென்று சவுண்ட் பொடியன் ஜெரோஷன்
குனிந்தபடி ஓடிவந்தான்.
‘இல்லையடா, எல்லாம் சரி.’

சரியோ தெரியாது.

இன்று சனி. லொபியில் அந்தத் தாளை விரித்து
‘உலக’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று
பேனை மூடியைக் கடித்தபடி நிற்கிறேன்.
ஏழரை தாண்டி மூன்று நிமிடம்.
மெனேஜர் மணிக்கூட்டைக் காட்டுகிறார்.
சுஜீவ
குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறான்.