நாற்பது நிமிடம்

கட்டபெட்டு வளைவில் கற்பூரமரம் சாய்ந்து
மூன்று இடத்தில் கம்பி அறுந்ததாம்.
பெள்ளிராஜ் அண்ணன் கம்பத்தடியிலிருந்து சொல்கிறார்:
"விடியிற வரைக்கும் எதிர்பார்க்காதே."
இணையக் கம்பி மட்டும் எப்படியோ பிழைத்திருக்கிறது.

பேட்டரிப் பெட்டி கீச்சிடத் தொடங்கியாயிற்று.
கட்டிலுக்கடியில் இரைகிற ஒற்றை இயந்திரத்துக்குள்
நான்கு உலகம் வைத்திருக்கிறேன்.
அதன் சூட்டு மூச்சில்தான்
ஆடி மழையில் என் காலுறைகள் காய்கின்றன.

முதல் உலகத்தில் சண்டை.
செத்தவர்கள் மூன்று நொடியில் எழுந்து
கெட்ட வார்த்தையோடு திரும்பி வருவார்கள்.
இரண்டாவதில் பசி உண்டு, இரவு உண்டு,
மரம் வெட்டிக் கதவு செய்து
கதவுக்குப் பின்னால் பயந்து கிடக்கலாம்.
மூன்றாவதில் ஓர் உயிர்தான்.
போனால், பெயரைக்கூட மறுபடி தரமாட்டேன்.
நான்காவதில் எதுவுமே நடக்காது.
எடுக்க எடுக்கக் கல் குறையாது. கட்டலாம், அவ்வளவுதான்.

சண்டையை அணைத்தேன். இருபத்தொரு பேர்.
"ஊட்டிக்காரி ஓடிட்டா" என்றான் ஒருவன்.
கோத்தகிரி, தம்பி, என்று தட்டி முடிப்பதற்குள்
அவனும் அணைந்திருந்தான்.

பசிக்காரர்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தேன்.
ஆடுகளைப் பட்டியில் அடைத்தார்கள்.
ஒருத்தி வாசலில் பந்தம் நட்டுவிட்டுப் போனாள்,
ஆளில்லாத இருட்டுக்கு.

மூன்றாவதில் ஒரே ஆள். பெயர் கடுக்காய்.
நூற்றுப்பன்னிரண்டு நாளாகச் சாகாதவன்.
எரிகுழம்பு ஆற்றின் மேல், ஓரடிப் பாலத்தில் நின்று
"இப்ப நிறுத்துனா செத்தேன்கா" என்கிறான்.
யாரையும் தூக்கிவிடக் கூடாது என்று
விதி எழுதியவளே நான்தான்.
காத்திருந்தேன்.
பதினேழு நிமிடம், ஒவ்வொரு கல்லாக வைத்து.
பேட்டரி கீச்சிடும்போதெல்லாம்
நின்றுவிடுகிறான், ஏதோ அவனுக்கும் கேட்பதுபோல.

கரை ஏறினான். அணைத்தேன்.

மிச்சம் நான்காவது.
அதிலும் ஒரே ஆள்; பெயர் வெறும் புள்ளி.
இரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.
சொல்லிவிட்டு மூடலாமென்று உள்ளே போனேன்.

சரிவு முழுக்க நடுகற்கள்.
பரோட்டா, மின்னல்முருகு, சும்மாஇரு,
சேலம்புலி, சேலம்புலி2
மூன்றாம் உலகத்தில் செத்த அத்தனை பேரும்
நான் அழித்த நாளோடு.
கடைசி வரிசையில் புதுக்கல்.
கடுக்காய் என்று வெட்டியிருந்தது.
நாள் மட்டும் வெட்டவில்லை.

"அவன் கடந்துட்டான்" என்று தட்டினேன்.

புள்ளி கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அந்தக் கல்லைப் பெயர்த்தது.
குழியைப் புல்லால் மூடியது,
ஒரு சதுரம் விட்டுப்போக, திரும்பி வந்து
அதையும் மூடியது.

"நன்றி" என்றோ "நல்லது" என்றோ
ந வரைக்கும் திரையில் வந்தது.

வெளியே அறுந்த கம்பிக்கு யாரோ டார்ச் அடிக்கிறார்கள்.
காலுறை பாதிதான் காய்ந்திருக்கிறது.
போட்டுக்கொண்டேன்.