கேள்வி ஏழு, ஆறாம் திருத்தம்

முதலில் அது இப்படி இருந்தது:
‘ஏதாவது ஒன்றைக் காட்டுவதற்காக
உங்கள் குழந்தை ஆட்காட்டி விரலை நீட்டுமா?’
ஆம், இல்லை, பக்கத்தில் ஒரு கட்டம்.
மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில்
நன்றாகவே வேலை செய்தது.

பாம்பன் சின்னப்பாலத்தில்
அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு
நாற்பத்தொரு ‘இல்லை’.
திரை முழுக்கச் சிவப்பு.
வழிகாட்டி போனில் கேட்டார்:
அந்தக் கரையில என்னதாம்மா நடக்குது?

ஈரச் சாக்கை இறக்கிக்கொண்டே
ஜெனோவா சொன்னாள்:
“பூசணிப் பிஞ்சுக்கு விரல் நீட்டுனா அழுகிப்போகும்ல?
அது மாதிரிதான் டீச்சர்.
போற வள்ளத்துக்கு நாங்க நீட்ட விடமாட்டோம்.
நீட்டுன பிள்ள
விரல மடக்கிக் கடிச்சுக்கணும்.”

நாற்பத்தொரு பிள்ளைகளும் நல்ல வளர்ப்பு.
என் தாளைத்தான்
யாரும் சரியாக வளர்க்கவில்லை.

விரலை எடுத்தேன்.
‘கவனத்தைப் பகிர்தல்’ என்று குழு திருத்தி அனுப்பியது.
பகிர்தல்னா பங்கு வைக்கிறதா,
என்றாள் ஒருத்தி, மீன் பங்கு மாதிரியா?
‘ஒன்றைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்குமா’
என்று மாற்றினேன்.
எத?
நிலா என்றேன்.
விடியக்காலம் மூணுக்குப் பாசிக்குப் போறவ
எந்த நிலாவக் கண்டா.
ரயில் என்றேன்.
பாலம் மூடிக் கிடந்த வருஷம் அது.

பகல் பதினொரு மணி இருக்கும்.
கஞ்சிப்பாசி காயும் வாடை.
உச்சிப்புளியில் கிளம்பிய ஹெலிகாப்டர்
கூரைகளைத் தட்டிவிடுவது போல் தாழ்ந்து
தீவுப் பக்கம் போனது.
கிடுகு நிழலில் ஒன்பது பிள்ளைகள்,
ஒன்பதும் அண்ணாந்தன.
பிறகு
(ஒன்றரை வருஷமாக நான் தேடியது இதைத்தான்)
எட்டு முகங்கள் சட்டென்று இறங்கி
எட்டு அம்மாக்களைத் தேடின.
பாத்தியா.
வாய் திறக்கவில்லை, கை அசையவில்லை,
அரை நொடிகூட இருக்காது.
எழுதி முடித்தபோது
எனக்கு இரண்டு பக்கம் ஆகியிருந்தது.

ஜெனோவாவின் மகள் டெல்மா
அண்ணாந்தது அண்ணாந்தபடி.
விசிறி சின்னதாகி, புள்ளியாகி,
புள்ளியும் இல்லாமல் போன பின்பும்
அந்த இடத்தையே.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
சொல்லக் கூசுகிறது.
கருவி வேலை செய்கிற சந்தோஷம்.

ஜெனோவா மகளைப் பார்த்தாள்.
பிறகு திரும்பி
என்னைப் பார்த்தாள்.

“எழுதிக்கோங்க” என்றாள்.
“பொரி வேணும்னா டப்பாவக் காட்டமாட்டா.
என் மூஞ்சியவும் பாக்கமாட்டா.
கையத் தூக்கிட்டுப் போயி மூடி மேல வைப்பா,
கரண்டிய எடுக்கிற மாதிரி.”
அது பன்னிரண்டாம் கேள்வி.
தாள் நீளமாகிறதென்று
இரண்டாம் திருத்தத்தில் வெட்டியிருந்தோம்.
ஓரத்தில் கிறுக்கினேன்,
அவள் சொன்ன கரண்டியோடு.

“சரி, இனி என்ன செய்யணும்?”

தாளின் அடியில், எறும்பு எழுத்தில்:
இது ஆய்வுக்கு மட்டும்.
நோயைக் கண்டறிவதற்கு அல்ல.
வாசித்துக் காட்டினேன். வாசிக்க வேண்டும் என்பது விதி.
“அப்ப யாருக்கு?” என்றாள்.
கோபமில்லை. நிஜமாகவே கேட்டாள்.
டெல்மாவுக்கு அதற்குள்
நாற்பத்தேழு என்று பெயராகியிருந்தது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி,
மாடியில் கடைசி அறை,
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஒருவர் வருகிறார்.
விதிக்கு வெளியே, என் சொந்தப் பேனாவில்
எழுதிக் கொடுத்தேன்.
அவள் விரல் மடக்கினாள்:
அமாவாசைக்கு முந்தி மூணு நாள், பிந்தி மூணு நாள்,
அது பாசி நாள், விட முடியாது,
வட்டிக்காரன் திங்கள்,
நடுவில் ஒரு செவ்வாய் வந்தாலும் வரும்.

கிளம்பப் போனேன்.
மணிக்கட்டில் சின்னதாக ஒரு பிடி.
டெல்மா. என்னைப் பார்க்கவில்லை.
என் கையைத் தூக்கிக்கொண்டு போய்
என் பையின் ஜிப் மேலேயே வைத்தாள்.

திறந்தேன்.
உள்ளே
நிரப்பாத தாள்கள்தான் இருந்தன.