முட்டுக்கல்

கீழமாரட் வீதியில் கடைசி லாரி போனபிறகு
வெங்காயக் கிட்டங்கி எங்களுடையது.
ஏழரையிலிருந்து ஒன்பது வரை.
வாடகை இல்லை. பெருக்கிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெங்காயம் நிறுக்கும் தராசில்தான்
கர்லாக்கட்டைகளையும் நிறுத்தேன்.
எழுநூறு கிராம், இரண்டே கால் கிலோ,
நாலரைக்கு ஒரு பொட்டு குறைவு.
எடையை எதன்மேலும் எழுதவில்லை.
எழுதியிருந்தால் இருளப்பன் அண்ணன்
முதல் நாளே போயிருப்பார்.
முப்பது வருஷம் இதே தெருவில் மூட்டை சுமந்த முதுகு,
தட்டு விலகி இப்போது பெல்ட்டுக்குள் நடக்கிறது.
இருப்பதில் சிறியதை வாங்கிப் புரட்டிப் பார்த்து
"என்னாத்தா, கிலுகிலுப்பையா?" என்றார்.
மறுநாள் தோள் வலித்ததாம்.
அதை என்னிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது.

எனக்குக் கற்றுத்தந்த கூடத்தில்
முதல் சொல்லே "காலை ஊன்று".
பதினோரு வருஷமாக நாக்கில் கிடக்கும் சொல்.
நூர்நிஷா வந்த அன்றும்
அவள் கையில் கட்டையைக் கொடுத்துவிட்டு,
யோசிக்காமல்,
"காலை ஊன்று!"

சக்கர நாற்காலியில் இருந்து நிமிர்ந்து பார்த்தாள்.
"எந்தக் கால, மாஸ்டரக்கா?"

கிட்டங்கியே சிரித்தது. அவளும்தான்.
எனக்குத்தான் அன்று சிரிக்க வரவில்லை.

எல்லோரும் போனபின் ஷட்டரை இறக்கினேன்.
தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு
சுற்றிப் பார்த்தேன்.
முதல் சுற்றில் கட்டை காதை உரசியது.
மூன்றாவதில் பெட்டியோடு சாய்ந்தேன்.
ஏழோ எட்டோ, எண்ணவில்லை,
உட்காரும் எலும்பிலிருந்து ஏதோ ஒன்று
நடுமுதுகு வழியாக ஏறிவந்து
கட்டையைத் தானாகத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனது.
இத்தனை நாள் கால்தான் இதைச் செய்கிறது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் சொல்லை மாற்றினேன்:
"எது தரையில இருக்கோ, அத ஊன்று."

"சக்கரம்தான் இருக்கு. அது ஊனாது, ஓடும்."

அதுவும் நிஜம். ஒவ்வொரு வீச்சுக்கும்
நாற்காலி ஒரு சாண் பின்னால் போனது.
செங்கல் வைத்தோம், நொறுங்கியது.
சாக்கு வைத்தோம், கிழிந்து வெங்காயம் உருண்டது.
போடி பாசஞ்சரில் கடலைமிட்டாய் விற்கும் சவரிமுத்து
பார்வையில்லாமலே அத்தனையும் பொறுக்கித் தந்துவிட்டுச் சொன்னார்:
"சுத்து பாதியில அறுந்து போகுது, கேக்குது எனக்கு."

பவளக்கொடி மூன்று நாள் வரவில்லை.
நாலாம் நாள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்,
கூடவே ஒரு இளவட்டக்கல்.

மேலூருக்கு அந்தப் பக்கம் அவள் ஊர்.
மந்தையில் போஸ்டர் ஒட்டக்கூட ஆகாமல் கிடந்ததாம்.
"பதினாறு வயசுல இதத் தூக்கச் சொன்னாங்க,
தூக்குனா ஆம்பளன்னு.
கேட்டுத்தான் எடுத்தேன், பஞ்சாயத்துல யாரும் வேணாங்கல."

தூக்கிப் பார்க்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.
உருட்டினோம்.
வழவழவென்று, குளிர்ந்து,
வலது சக்கரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது
அளவெடுத்துச் செய்தது மாதிரி.
இடது சக்கரத்துக்கு
இருளப்பன் அண்ணன் தன் காலைக் கொடுத்தார்.
குனியத்தானே முடியாது அவரால்.

நூர்நிஷா எழுநூறை எனக்கே திருப்பித் தந்தாள்.
இரண்டே காலை எடுத்தாள்.

முதல் சுற்று. நாற்காலி அசையவில்லை.
இரண்டாவது. தரையில் கிடந்த வெங்காயச் சருகு
லேசாக எழுந்தது, செம்பு நிறத்தில்.
ஐந்தாவதில் அவள் முழங்கால் உயரத்துக்குப் பறந்தது.
"இப்ப முழுசா வருது சத்தம்," என்றார் சவரிமுத்து.
எங்கள் கண்களில் நீர்.
கிட்டங்கியில் எப்போதும் அப்படித்தான்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்கு விளக்குமாற்றை எடுத்தேன்.
கல்லை நகர்த்த ஆளில்லை.
அதைச் சுற்றித்தான்
பெருக்க வேண்டியிருந்தது.