அப்பம் வராத ஞாயிறு

மேசைமேல் வெள்ளைத் துணி விரித்தாயிற்று.
கோப்பையில் திராட்சரசம் ஊற்றியாயிற்று.
தட்டு மட்டும் காலி.

பதினொரு நாற்காலிகள், பத்துப் பேர்.
பரோயே தீவுகளின் இந்த வடக்கு ஓரத்தில்
எங்களுக்குப் போதகர் கிடையாது, பலிபீடம் கிடையாது.
தகரச் சுவர், உப்பேறிய இரண்டு ஜன்னல்,
தனக்குத்தானே முனகும் ஒரு ஹீட்டர்.
ஆவியானவர் ஏவினால் ஆண்களில் ஒருவர் எழுந்து ஜெபிப்பார்.
பெண்கள் பாடலாம்.
மற்றபடி நாங்கள் உள்ளுக்குள் பேசிக்கொள்வோம்;
அதை யாராலும் தடுக்க முடிந்ததில்லை.

அப்பம் எல்ஸ்பாவின் பொறுப்பு.
பத்தொன்பது வருஷம்.
புயலில் வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறாள்.
புருஷனை அடக்கம் பண்ணிய மறுநாளும் வந்தாள்.
அன்றைக்கு உப்புப் போட மறந்திருந்தாள்.
யாரும் சொல்லவில்லை.

இன்று வரவில்லை.

ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.
அக்டோபரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கிய அன்று
ட்ரோண்டுரின் நாய் விரட்டிய விரட்டில்
அவளுடைய மூன்று ஆடுகள் பாறை விளிம்பைத் தாண்டின.
கீழே கடல்.
"வழுக்கிவிட்டது" என்றார் ட்ரோண்டுர்.
மூன்று வாரமாக அந்த ஒரே சொல்.
மூன்று ஞாயிறும் அவள் அப்பம் கொண்டுவந்தாள்,
அவர் அதைப் பிட்டுத் தின்றார்.

என் கணவர் ஹைனி ஒரு பாட்டை எடுத்தார்.
வழக்கம்போல் உச்சியில் எடுத்தார்,
இரண்டாம் அடியிலேயே எங்களுக்கு மூச்சு முட்டிற்று.
பிறகு அமைதி.
அமைதி எங்களுக்குப் புதிதல்ல.
ஆனால் இது வேறு:
வலையில் கிடப்பது மீனா, யாருடைய உடலா என்று தெரியாமல்
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

சிக்கா கைப்பையைத் திறந்தாள்.
மகனுக்கென்று வைத்திருந்த பிஸ்கட் பொட்டலம்.
தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
சத்தமில்லாமல் பையை மூடினாள்.

அப்போது நான் ஜெபித்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
கர்த்தாவே, அந்த நாயைச் சாகடியும்.
உடனே: வேண்டாம், அது நல்ல நாய்.
பிறகு: அந்த மனுஷனை எழுப்பும்.

ட்ரோண்டுர் எழுந்தார்.
ஜெபிக்கத்தான் போகிறார் என்று தலை குனிந்தோம்.
பூட்ஸ் சத்தம்தான் கேட்டது.
கதவு திறந்ததும் காற்று புகுந்து
மேசைத் துணியின் ஓரத்தைத் தூக்கிற்று;
மிக்யல் பாய்ந்து கோப்பையைப் பிடித்தார்.
வெளியே கம்பத்தில் கட்டியிருந்த நாய் ஒருமுறை குரைத்தது.

உப்புக் கண்ணாடி வழியே
ஒரு மஞ்சள் மழைக்கோட்டு சரிவில் இறங்குவது தெரிந்தது.
அவள் வீட்டு நீலக் கதவுக்கு முன் நின்றது.
நின்றது.
தட்டினதாகத் தெரியவில்லை.
மழை வலுத்தது, பிறகு மஞ்சளையும் காணோம், நீலத்தையும் காணோம்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
அறுநூறுக்கு மேல் விட்டுவிட்டேன்.

அவள் முன்னால் வந்தாள், அவர் பத்தடி பின்னால்,
கோட்டுக்குள் அணைத்த அப்பத்தோடு,
குட்டியைத் தூக்கி வருகிறவர்போல.
என்ன பேசினார்கள், பேசினார்களா, தெரியாது.
தட்டில் வைத்தபோது என் விரல் பட்டது:
அப்பம் ஆறிப் போயிருந்தது.
விடியலிலேயே சுட்டிருக்கிறாள்.
சுட்டு, துணி சுற்றி, எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஹைனி ஸ்தோத்திரம் சொல்லிப் பிட்டார்.
தட்டு ட்ரோண்டுரிடம் வந்தது.
அவர் எடுக்கவில்லை, அடுத்தவரிடம் நகர்த்தினார்.
எல்ஸ்பா அதைப் பார்த்தாள்.
பெண்கள் பேசுவதில்லை.

கூட்டம் முடிந்து ஒரு துண்டு மீந்தது.
மீந்ததைப் பறவைகளுக்குப் போடுவது வழக்கம்.
எல்ஸ்பா அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.
மழையில் குனிந்து, கம்பத்தடியில்,
அந்த நாயின் வாய்க்கு நேராக நீட்டினாள்.
அது மோந்து பார்த்தது, மெதுவாக வாங்கிக்கொண்டது.
வாசலில் நின்ற ட்ரோண்டுர் திரும்பிச் சுவரைப் பார்த்தார்,
தோள்கள் மட்டும் அசைந்தன.

நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் உறைகிற குளிர்.
உள்ளுக்குள் சொன்னேன்:
கர்த்தாவே, நாயைப் பற்றி நான் முதலில் கேட்டது
உமக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.