ஏழாவது பங்கு

கிடாவின் கொம்பில் சிவப்பு நாடா கட்டியது அம்மா.
கயிற்றைப் பிடித்தது நான்.
பள்ளத்தில் வொரோத்தான் ஆறு இரைந்துகொண்டிருந்தது.
கோயிலை மூன்று முறை சுற்ற வேண்டும்.
இரண்டாம் சுற்றில் அது நின்று
சுவரோரப் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த புல்லைக் கடித்தது.
நான் இழுக்கவில்லை.
மென்று முடிக்கட்டும்.

மகன் திரும்பினால் ஒரு கிடா:
எல்லையில் சண்டை மூண்ட வாரம்
சத்தெனிக் செய்த நேர்ச்சை.
சத்தெனிக் என் அம்மா.
திரும்பிய மகன் நான், க்னெல்,
இரண்டு கை, இரண்டு கால், ஒன்றும் குறையாமல்.

பாதிரியார் ஹுசிக் உப்பை ஆசீர்வதித்துத் தந்தார்.
உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.
சொரசொரத்த நாக்கு, வெதுவெதுப்பாக,
உப்பு தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டிருந்தது.
"இது கடனுக்கு ஈடு இல்லை, தம்பி.
ஈடு ஒரே முறை கொடுத்தாயிற்று, சிலுவையில்.
இது நன்றி. இல்லாதவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு."
தலையாட்டினேன்.
என் கடன் அவருக்குத் தெரியாது.

அன்றைய இரவுக் காவல் என்னுடையது.
காய்ச்சலில் பல் கிட்டிக் கிடந்தேன்.
மிஹ்ரான் தன் கோட்டை என் மேல் போட்டான்,
ஆணியில் தொங்கிய என் கோட்டை மாட்டிக்கொண்டான்,
கையுறையைத் தேடினான், ஒன்றுதான் அகப்பட்டது,
யாரையோ திட்டிக்கொண்டே வெளியே போனான்.
காலையில் வானொலி சொன்னது:
ஒருவர் பலி.

பலி.
பீடத்தில் படைப்பதற்கும்
பனியில் குப்புறக் கிடப்பதற்கும் ஒரே சொல்.
அவனை யாரும் கயிறு கட்டி இழுத்துப் போகவில்லை.
கொம்பில் நாடா இல்லை. நாக்கில் உப்பு இல்லை.
எழுந்து போனான், அவ்வளவுதான்,
ஒற்றைக் கையுறையோடு.

கறியில் உப்பும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் கூடாது.
ஏழு வீட்டுக்குப் போக வேண்டும்.
விடியும்வரை ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது.
ஆறு வீடுகளில் என் நெற்றியில் முத்தமிட்டார்கள்.
ஒரு வீட்டில் வோட்கா ஊற்றினார்கள்.
ஏழாவது கிண்ணத்தைத் துணியால் மூடிய அம்மா
யார் வீடு என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நுவார்த் அத்தை கதவைத் திறந்தாள்.
கிண்ணத்தை வாங்காமல் என்னைப் பார்த்தாள்.
வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் சரிந்து
கடைசியில் இருந்தது மட்டும் வெளியே வந்தது:
"என் காவல், அத்தை. என் முறை.
அவன்தான் என் விலை."

உள்ளே போனாள்.
அலமாரி திறக்கும் சத்தம்.
திரும்பி வந்தபோது கையில் என் கோட்டு.
அவனோடு வந்த கோட்டு.
காலருக்குள், எல்லைக்குப் போகுமுன்
அம்மா சிவப்பு நூலில் தைத்த என் பெயர்.

"முதல் பனியிலிருந்து தெரியும்," என்றாள்.
"இரண்டு முறை துவைத்தேன். ஓட்டையைத் தைத்தேன்.
கொண்டுவந்து தரலாமா என்று வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறேன்.
சில நாள் எரித்துவிடலாமா என்றும் இருந்தது."

பிறகு,
"விலை என்று சொல்லாதே.
என் பிள்ளை எதையும் விற்கவில்லை."

அவள் ரொட்டியைக் கிழித்தாள்.
கிழிசல் நேராக வரவில்லை,
பெரிய பாதி என் பக்கம் வந்தது.
கறியை நடுவில் வைத்துச் சாப்பிட்டோம்.
இடையில் ஒரு முறை கேட்டாள்:
"பொத்தானெல்லாம் போட்டிருந்தானா?"
"போட்டிருந்தான்."
உண்மையில் எனக்கு நினைவில்லை.
அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது கோட்டை விரித்துப் பிடித்தாள்,
பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பிடிப்பதுபோல.
ஒரு கையை நுழைத்தேன்.
மறு கையைக் கண்டுபிடிக்க நேரமானது.
தையல் விலாவில் உறுத்தியது,
இறக்கம் முழுக்க உறுத்திக்கொண்டே வந்தது.

எங்கள் முற்றத்தில் அம்மா
அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்தாள்.
கோட்டைப் பார்த்தாள், காலரைப் பார்த்தாள்.
கையிலிருந்த நார் கீழே விழுந்தது.
தண்ணீர் தானாக வழிந்து
கிடா நின்ற இடம்வரை ஓடியது.