காற்றின் மேல் போட்ட பழி

ரியோ காஷேகோஸில் எதற்கும் காற்றுதான் காரணம்.
கதவு கீலோடு பிய்ந்தால் காற்று.
சூப்பில் மணல் கடிபட்டால் காற்று.
எவாரிஸ்தோ வாங்கிய கடனைத் திருப்பித் தராததற்கும்
ஏதோ ஒரு வகையில் காற்று.
ஆகவே என் ஃபால்கன்
கயிறு நீளமாய்க் கட்டிய ஆடு போல
சாலையின் இரண்டு ஓரத்தையும் மேய்ந்துகொண்டே போனபோது
யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.
"காற்று, நேலிடா" என்றார்கள்.

எழுபத்தெட்டாம் வருட மாடல்,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டி,
பண்ணைக்குப் பண்ணை நூறு கிலோமீட்டர்.
வீடு திரும்பினால்
தோள் இரண்டும் பிழிந்து போட்ட துணி.

ஸூலேமாவின் டயர் கடையில் தொடங்கினேன்.
முதலில் டயருக்குள் இருப்பதை அளந்தாள்
(அதுவும் காற்றுதானே).
முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றினாள்.
மேய்ச்சல் மாறவில்லை.
ஜாக்கியில் தூக்கி
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாள்: பேரிங் கெட்டி.
இடமும் வலமும் பிடித்து ஆட்டினாள்:
ஒரு சின்ன 'டக்'.
அந்த டக்குக்கு இரண்டு டை ராடு முனைகள்,
பாதி மாதச் சம்பளம்.
டக் போனது.
ஆடு போகவில்லை.

பிறகு நான் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க
அடியில் படுத்துக்கொண்டு கத்தினாள்:
இன்னும், இன்னும், நிறுத்து.
ஸ்டீயரிங் பெட்டியில் இரண்டு விரல் தளர்ச்சி.
"இந்த வயதில் இது இருக்கும்."
திருகைக் கால் சுற்று இறுக்கினாள்.
அரைச் சுற்று கேட்டேன்.
"மூச்சு முட்டிவிடும்" என்றாள்.
அலைன்மென்ட் இரண்டு தடவை.
சீட்டில் அச்சாகி வந்த எண்கள் எல்லாம் பச்சை.

ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை
காற்று வரவில்லை.
புகைபோக்கிகளின் மேல் புகை நிமிர்ந்து நின்றது.
நாய்கள் எந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுப்பதென்று தெரியாமல்
சுற்றிச் சுற்றி வந்தன.
ஊருக்கே கொஞ்சம் பயம்.
நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு
ஸூலேமாவும் ஏறிக்கொண்டாள்.

வேலிக் கம்பியில் சிக்கிய ஆட்டு ரோமம் அசையாத சாலை.
எண்பதில் கையைத் தளர்த்தினேன்.
மிதித்தால் வலப்பக்கம், பள்ளத்துக்கு.
காலை எடுத்தால் இடப்பக்கம், எதிரே லாரி வரும் பாதைக்கு.
மிதி என்றாள். எடு என்றாள்.
மிதி.
எடு.
கை சும்மா இருந்தது;
கால்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தது.
ஸூலேமா மெல்லப் பின்சீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள்,
அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.
"பின்னாலிருந்து ஓட்டுகிறது, சனியன்."

பின்பக்கம், வலது லீஃப் ஸ்பிரிங், அதன் முன் காது.
கடப்பாரையை நுழைத்து நெம்பினாள்.
ரப்பர் புஷ் இருக்கவேண்டிய இடத்தில்
அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டினாற்போல் கறுப்புத் தூள்.
சக்கரத்தோடு அச்சும்
ஒரு விரற்கடை முன்னே போய்ப் பின்னே வந்தது.
ஸூலேமா வாய்விட்டுச் சிரித்தாள்.
நான் டை ராடுக்குக் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.
புஷ்ஷின் விலை
ஒரு பாக்கெட் மாத்தே இலையைவிடக் குறைவு.

சனிக்கிழமை புது ரப்பர்.
ஞாயிற்றுக்கிழமை காற்று,
வராத நாளுக்கும் சேர்த்து வட்டியோடு.
அது தள்ளியது. தள்ளிய அளவுக்கு மட்டும் வண்டி நகர்ந்து
நூல் பிடித்தாற்போல் மறுபடி நேரானது.
ஆனால் ஒவ்வொரு தடவை காலை எடுக்கும்போதும்
என் கை தானாகக் கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கிறது.
இடது சாய்வு இல்லை, அதைத் திருத்துகிறேன்;
திருத்தியதைத் திருத்துகிறேன்.

மூன்றாவது பண்ணையின் வாசலில்
நான் வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த
பௌடிலியோ கேட்டார்:
"சரிபண்ணிவிட்டதாகச் சொன்னார்களே,
இன்னும் ஆடுகிறதே?"

காற்று, என்றேன்.